ஒலுவிலில் இருந்து கட்டுநாயக்கா எவ்வளவு தூரம்?

ரமழான் மாதத்தில் கல்முனையில் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் கொழும்பில் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் இடையில் ஏறத்தாழ எட்டு நிமிட வித்தியாசம் உண்டு. கிழக்குக் கரையில் சூரியன் முந்தி உதித்து முந்தி மறைகிறது. ஒலுவில் துறைமுகம் கிழக்கு நெடுங்கோடு 81 பாகை 52 கலை அளவில் இருக்கிறது. கட்டுநாயக்கா விமான நிலையம் 79 பாகை 53 கலையில் இருக்கிறது. இடைவெளி இரண்டு பாகை. பூமி ஒரு பாகை சுழல்வதற்கு நான்கு நிமிடங்கள் வேண்டும். எனவே எட்டு நிமிடங்கள். அகலக்கோட்டில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கட்டுநாயக்காவில் ஏறி நேர் கிழக்காக, மூக்கைத் திருப்பாமல் பறந்தால் ஏறத்தாழ ஒலுவிலின் கடற்கரைக்கே வந்து சேரலாம். அந்த நேர்கோட்டின் நீளம் சுமார் 220 கிலோமீற்றர். தமிழகத்து வாசகர்கள் மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் இடையிலான சாலைத் தூரத்தை நினைத்துக்கொண்டால் போதும்.

விமானக் கம்பனிகள் பயண நேரத்தைக் கணக்கிடுவதற்கு ஒரு முறை உண்டு. பூமி உருண்டை ஆதலால், இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி, உலகப்படத்தில் அடிமட்டம் வைத்துக் கீறும் கோடு அல்ல. உருண்டையின் மேற்பரப்பில் செல்லும் பெருவட்டத்தின் ஒரு துண்டு. அந்தத் தூரத்தை ஜெட் விமானத்தின் வேகமான மணிக்கு எண்ணூறு, எண்ணூற்றைம்பது கிலோமீற்றரால் வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அரை மணி நேரம் கூட்டினால் ஓரளவு சரியான விடை வரும். கால அட்டவணையில் அச்சிடுகிற நேரம் இன்னும் சற்று அதிகம். விமானம் ஒரு நிலையத்தின் தரிப்பிடத்தை விட்டு நகரத் தொடங்கியதில் இருந்து மறு நிலையத்தின் தரிப்பிடத்தில் நிற்கும் வரையான நேரம் அது. இந்தக் கணக்கின்படி கட்டுநாயக்காவில் இருந்து டுபாய் சுமார் 3,290 கிலோமீற்றர், நாலரை மணி நேரம். டோஹா 3,600 கிலோமீற்றர், ஐந்து மணி நேரம். ரியாத் 4,000 கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஜித்தா 4,650 கிலோமீற்றர், ஆறு மணி நேரத்துக்கு மேல். திரும்பி வரும்போது மேற்கில் இருந்து வீசும் உயர்வானக் காற்று முதுகில் தள்ளுவதால் இருபது நிமிடமோ அரை மணியோ மிச்சமாகும்.

இந்த நான்கு ஊர்களையும் நான் விரும்பித்தான் தெரிவு செய்தேன். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கரையோரமாக நீளும் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களில், இவற்றில் ஒன்றிலாவது உறவினர் ஒருவர் இல்லாத வீடு குறைவு. ஆனால் அந்த வீடுகளில் போய், டோஹா எவ்வளவு தூரம் என்று கேட்டால் எவரும் ஐந்து மணி நேரம் என்று சொல்லமாட்டார்கள். அவர்களுடைய கணக்கு கட்டுநாயக்காவில் தொடங்குவது இல்லை. கல்முனையில் இருந்து கொழும்புக்குப் பஸ் ஏறினால் எட்டு மணி நேரம், ஒன்பது மணி நேரம், மழைக்காலமானால் பத்தும் ஆகலாம். வழியில் மண்சரிவு என்றால் விமானம் போய்விடும் என்ற பயத்தில் இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் முந்திப் புறப்பட வேண்டும். விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதிக் கூட்டினால் வீட்டு வாசலில் இருந்து டோஹா வரை பதினெட்டு, இருபது மணி நேரம். அதில் ஆகாயத்தில் கழிவது ஐந்து மணி நேரம்தான். 3,600 கிலோமீற்றரைக் கடக்க ஆகும் நேரத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம், 220 கிலோமீற்றரைக் கடக்க ஆகிறது.

இது மலைகளின் குற்றம் என்று சொல்லிவிடலாம். உண்மையும் உண்டு. அந்த நேர்கோடு கேகாலை மாவட்டத்து மலைகளைத் தாண்டி, கண்டிக்குச் சற்றுத் தெற்காக ஏறி, மஹியங்கனைச் சமவெளியில் இறங்கி, பழைய வேடர் நிலங்களைக் கடந்து அம்பாறைக்கு வருகிறது. தரை வழியாக வருகிறவர் மஹியங்கனைக்கு இறங்குவதற்கு முன் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் சுற்ற வேண்டும். மலையைச் சுற்றிப் போக விரும்புவோருக்கு ஏ-4 நெடுஞ்சாலை இருக்கிறது. இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் வழியாக மட்டக்களப்பு வரை 430 கிலோமீற்றர். இலங்கையின் ஏ தர வீதிகளில் மிக நீளமானது இதுவே. ஆனால் மலை மட்டும்தான் காரணம் என்றால் பதுளைக்கு 1924இல் புகையிரதம் போயிருக்க முடியாது. தேயிலைக்காக மலையைக் குடைந்தார்கள். நெல்லுக்காகவும் மீனுக்காகவும் குடையவில்லை.

அதற்கு முன்னர் இந்தக் கரைக்கும் கொழும்புக்கும் இடையே வழி என்றால் கடல்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சிலோன் ஸ்டீம்ஷிப் கம்பனியின் சிறு நீராவிக் கப்பல்கள் தீவைச் சுற்றி ஓடின. 'லேடி ஹவ்லொக்', 'லேடி கோர்டன்' என்று ஆளுநர்களின் மனைவியர் பெயர்களைத் தாங்கிய கப்பல்கள். கொழும்பில் புறப்பட்டு, காலி, அம்பாந்தோட்டை, மட்டக்களப்பு, திருகோணமலை என்று ஒவ்வொரு துறையாகத் தொட்டுச் செல்லும். தெற்கு முனையைச் சுற்றி, கிரேட் பாஸஸ், லிட்டில் பாஸஸ் கற்பாறைகளில் 1870களில் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கங்களைக் கடந்து, இலங்கையின் கிழக்கு அந்தமாகிய சங்கமன்கண்டி முனையைத் தாண்டினால் எமது கரை. கொழும்பில் இருந்து ஒலுவிலுக்கு இந்த வழியில் ஏறத்தாழ 200 கடல் மைல். நின்று நின்று வந்தாலும், அந்தக் காலத்து மாட்டு வண்டிக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் ஆண்டு முழுவதும் பயன்படும் வழி அல்ல. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கரையில் திறந்த கடலில் நங்கூரமிடுவது ஆபத்து. பாதுகாப்பான துறைமுகம் இல்லாத கரைக்குப் பருவம் பார்த்துத்தான் கப்பல் வரும். இந்த இல்லாமையின் கதைதான் பின்னர் ஒலுவில் துறைமுகத்தின் கதையாயிற்று.

1928இல் புகையிரதம் மட்டக்களப்பை வந்தடைந்தது. மாகோ, பொலநறுவை என்று வடக்காகச் சுற்றி, கொழும்பில் இருந்து ஏறத்தாழ 350 கிலோமீற்றர். அது மட்டக்களப்போடு நின்றுவிட்டது. கல்முனை அங்கிருந்து தெற்கே நாற்பது கிலோமீற்றர். ஒலுவில் இன்னும் இருபது. தண்டவாளத்தைப் பொத்துவில் வரை நீட்டவேண்டும் என்ற பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் எழுந்தது. மட்டக்களப்பு நிலையத்துக்குத் தெற்கே இன்றுவரை ஒரு தண்டவாளமும் இல்லை.

இந்தக் கரையில் ரயிலுக்காகக் காத்திருந்த அதே காலத்தில், தீவின் தெற்குக் கரையில் உலகத்தையே வியக்க வைத்த ஒரு விமானப் பயணம் நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தபின் அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான ஆகாயப் பாதை அறுந்துபோயிற்று. அதை மீண்டும் இணைப்பதற்காக 1943இல் குவாண்டஸ் நிறுவனம் கட்டலினா என்னும் கடல் விமானங்களை அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் காலிக்கு அருகேயுள்ள கொக்கல வாவிக்கும் இடையே பறக்கவிட்டது. எங்கும் இறங்காமல் 5,650 கிலோமீற்றர். மணிக்கு இருநூறு கிலோமீற்றர் சொச்சம் வேகம். பயணம் காற்றைப் பொறுத்து 27 முதல் 33 மணி நேரம். எரிபொருளின் பாரத்தால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. எதிரிக்கு இடம் தெரிந்துவிடும் என்பதால் வானொலியை மௌனமாக வைத்து, நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டார்கள். விமானங்களுக்கும் நட்சத்திரங்களின் பெயர்களையே வைத்திருந்தார்கள். ஒரே பயணத்தில் பயணி இரண்டு முறை சூரியோதயம் காண்பார். அதனால் அதற்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்று பெயர் வந்தது. பயணித்தவர்களுக்கு அந்தப் பெயரில் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். 1945 வரை 271 முறை இந்தச் சமுத்திரத்தைக் கடந்தார்கள். ஒரு விமானத்தையும் இழக்கவில்லை. தேவை என்று வந்துவிட்டால், மூன்று பேருக்காகவும் ஒரு பை கடிதத்துக்காகவும் இரண்டு கண்டங்களை இணைக்கிற வழி பிறந்துவிடுகிறது என்பதற்காகவே இதைச் சொல்ல வந்தேன்.

சுதந்திரத்துக்கு இரண்டு மாதங்கள் முன்னர், 1947 டிசம்பர் 10ஆம் திகதி, எயார் சிலோன் தன் முதல் சேவையைத் தொடங்கியது. 'சீதா தேவி' என்ற டக்கோட்டா விமானம் இரத்மலானையில் இருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்றது. எமது பகுதிக்கு விமானம் வந்தது கல்லோயாத் திட்டத்தின் நிழலில். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் அமெரிக்க நிறுவனம் ஒன்று அணை கட்டியது. சேனாநாயக்க சமுத்திரம் பிறந்தது. குடியேற்றங்கள் எழுந்தன. அந்தக் குடியேற்றங்கள் இந்தக் கரையோரத்துத் தமிழ், முஸ்லிம் மக்களின் காணிக்கும் நீருக்கும் அரசியலுக்கும் என்ன செய்தன என்பது தனியாக எழுதவேண்டிய கதை. அம்பாறைக்கு அருகே உகனையில் இருக்கும் விமான ஓடுபாதைக்கு 'கல்லோயா' என்று பெயர். எயார் சிலோனின் உள்நாட்டு நிலையங்களின் வரிசையில் யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு ஆகியவற்றோடு கல்லோயாவும் இருந்தது. இரத்மலானையில் இருந்து அது நேர்கோட்டில் 200 கிலோமீற்றர். டக்கோட்டாவின் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. மட்டக்களப்பு விமான நிலையம் 1958இல் திறக்கப்பட்டது.

இந்த வரலாற்றைத் தெரியாத இளைஞர்கள் அறிந்துகொள்ளட்டும். கொழும்புக்கும் அம்பாறைக்கும் இடையிலான பயண நேரம் 1960இல் ஒரு மணி நேரமாக இருந்தது. இன்று அது எட்டு மணி நேரம். உலகில் எல்லா இடத்திலும் காலம் செல்லச் செல்லத் தூரம் குறைந்திருக்கிறது, இங்கே கூடியிருக்கிறது. அன்று விமானத்தில் ஏறியவர்கள் பொறியியலாளர்களும் அதிகாரிகளும் பெரும் காணிக்காரர்களும்தான், சாதாரண விவசாயி அல்ல என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. சரிதான். ஆனால் இன்று அந்த விவசாயியின் மகன் டோஹாவுக்குப் பறக்கிறான். ஏறக்கூடியவன் வந்தபோது விமானம் இல்லை.

எயார் சிலோன் 1970களின் இறுதியில் மூடப்பட்டது. 1979இல் அதன் இடத்துக்கு வந்த எயார் லங்காவின் கண் வெளிநாட்டு வழிகளில் இருந்தது. 1983இல் மட்டக்களப்பு ஓடுபாதை விமானப்படையின் கைக்குப் போனது. உகனையும் விமானப்படைத் தளமாயிற்று. சர்வதேச விமானப் பட்டியல்களில் அம்பாறைக்குரிய மூன்றெழுத்துக் குறியீடு இன்றும் 'ஜீ.ஓ.வை' என்றுதான் இருக்கிறது. கல்லோயா என்பதன் சுருக்கம். அங்கே இருந்து உலகத்தின் எந்த விமான நிலையத்துக்கும் எத்தனை கிலோமீற்றர், எத்தனை மணி நேரம் என்று அந்தக் குறியீட்டைக் கொண்டு கணக்கிட்டுக் கொடுக்க முடியும். ஏறுவதற்குத்தான் சேவை இல்லை.

சரியாக இந்த வாசல் மூடப்பட்ட காலத்தில்தான் வளைகுடாவின் வாசல் திறந்தது. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம். எண்ணெய்ப் பணத்தில் எழுந்த பாலைவன நகரங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டது. முன்னர் இந்தக் கரையில் நெடும்பயணம் என்றால் ஹஜ் ஒன்றுதான். வயது முதிர்ந்து, கடன்களை அடைத்து, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, திரும்பி வருவோமோ என்ற நினைப்போடு கப்பலேறும் பயணம் அது. அதே ஜித்தாவுக்கு இப்போது இருபது வயதுப் பிள்ளைகள் இரண்டு வருட ஒப்பந்தத்தில் புறப்பட்டார்கள்.

யுத்தம் வந்தபோது நேரத்தின் கணக்கே மாறியது. இரவில் பஸ் ஓடாது. பகலிலும் சோதனைச் சாவடிகளில் இறங்கி, பொதிகளைத் தூக்கிக்கொண்டு நடந்து, மறுபடியும் ஏற வேண்டும். அதிகாலை இரண்டு மணி விமானத்துக்கு இரண்டு நாள் முந்திப் புறப்பட்டு, மருதானையிலோ புறக்கோட்டையிலோ ஒரு லொட்ஜில் தங்கியவர்கள் எத்தனை பேர். பத்திரிகை அலுவலகத்துக்கு எமது செய்தியாளர்கள் கல்முனையில் இருந்து தபாலில் அனுப்பும் படங்கள் மூன்றாம் நாள் வந்து சேர்ந்ததும் உண்டு. இன்னொரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். 1996 மே மாதத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்த அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தது. பழைய நேரத்துக்குத் திரும்பியது 2006 ஏப்ரலில். அந்தப் பத்து வருடமும் "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்காமல் எவருக்கும் பயணம் சொல்ல முடியாது.

இந்தத் தூரத்தை ஓர் அரசியல் பிரச்சினையாகக் கண்டவர் எம்.எச்.எம். அஷ்ரப். சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த சட்டத்தரணி, கவிஞர், ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸின் தாபகர். 1989இல் பாராளுமன்றம் சென்றார். 1994இல் சந்திரிகா குமாரதுங்கவின் அரசாங்கத்தில் துறைமுகங்கள், கப்பற்றுறை, புனர்வாழ்வு ஆகியவற்றுக்குப் பொறுப்பான அமைச்சரானார். அவருடைய அரசியலில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் உண்டு. அவர் உணர்ச்சியில் பேசிய சில பேச்சுகள் தமிழ், முஸ்லிம் உறவுக்கு உதவவில்லை என்பதே என் அபிப்பிராயம். ஆனால் தென்கிழக்கின் அடிப்படைக் குறை, எல்லாவற்றுக்கும் வேறு ஓர் ஊருக்குப் போகவேண்டியிருப்பதுதான் என்பதை அவர் தெளிவாகப் புரிந்திருந்தார். யுத்தத்தினால் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகமுடியாமல் தவித்த மாணவர்களுக்காக, 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அது பல்கலைக்கழகமாயிற்று. இடம் ஒலுவில். அதே ஒலுவிலில் ஒரு துறைமுகம். கரையோரக் கப்பல்கள் மீண்டும் தீவைச் சுற்றி ஓடினால், அம்பாறை மாவட்டத்தின் நெல்லும் மீனும் மலைகளில் ஏறி இறங்காமல் கொழும்பையும் காலியையும் அடையும் என்பது திட்டம். உண்மையில் அது 'லேடி ஹவ்லொக்' ஓடிய பழைய வழியைத் திரும்பத் திறக்கும் யோசனையே.

2000 செப்டெம்பர் 16ஆம் திகதி, சனிக்கிழமை. பொதுத்தேர்தலுக்கு மூன்றரை வாரம் இருந்தது. அஷ்ரப் கொழும்பில் இருந்து அம்பாறைக்கு விமானப்படையின் எம்.ஐ-17 ரக ஹெலிகொப்டரில் புறப்பட்டார். வழமையாக ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயணம். வழியில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், கேகாலை மாவட்டத்து அரநாயக்கப் பகுதியில், ஊரகந்த மலையில் அது வீழ்ந்தது. அதில் இருந்த பதினைந்து பேரும் இறந்தார்கள். நான் முதலில் சொன்ன நேர்கோட்டுக்கு மிக அருகில்தான் அந்த மலை இருக்கிறது. விபத்தா, சதியா என்று ஆணைக்குழு விசாரித்தது. கல்முனைக் கரையில் அந்தக் கேள்வி இன்றும் அடங்கவில்லை. மரணச் செய்தி கொழும்புப் பத்திரிகை அலுவலகங்களுக்கு வந்து உறுதியாகும் முன்னரே, ஊரில் வரவேற்புக்குக் காத்திருந்த மக்களிடையே பரவிவிட்டது. ஆகாய வழியில் இந்தத் தூரத்தைக் கடக்கக் கூடியவர் அமைச்சர் ஒருவர் மட்டுமே என்ற நிலையில், அந்த அமைச்சரும் பாதி வழி தாண்டவில்லை.

நான்கு வருடத்தின் பின் ஆழிப்பேரலை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை, இலங்கையில் ஆகக்கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனையில், கல்முனைக்குடியில், சாய்ந்தமருதில் கடற்கரையோரத்து வீதிகள் முழுக்க முழுக்க இல்லாமற் போயின. காலிக்கு அன்று மாலையே கமராக்கள் போய்விட்டன. கிழக்கின் படங்கள் உலகத் தொலைக்காட்சிகளில் வந்தது தாமதித்து. கொழும்பில் இருந்து போன நிவாரண லொறிகளில் பெரும்பாலானவை முதலில் தெற்கே போனதற்கு வேறு காரணங்களும் சொல்லலாம். ஆனால் காலி மூன்று மணி நேரம், கல்முனை ஒன்பது மணி நேரம் என்பதும் ஒரு காரணம். கனடாவின் 'டார்ட்' என்னும் அனர்த்த உதவிப் படைப்பிரிவு 2005 ஜனவரியில் அம்பாறையில் வந்து முகாமிட்டது. வைத்தியர்களும் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரங்களுமாக ஏறத்தாழ இருநூறு பேர். ஒன்றாரியோவில் இருந்து உலகத்தின் மறுபக்கத்துக்கு அவர்கள் பறந்தது ஒரு நாள் கணக்கு. பாரமான சாமான்கள் கொழும்பில் இறங்கி, அங்கிருந்து தரை வழியாக மலைகளைக் கடந்தே வரவேண்டியிருந்தது.

துறைமுகத்தின் வேலை 2008இல் ஆரம்பித்தது. டென்மார்க்கின் வட்டியில்லாக் கடன், சுமார் 46 மில்லியன் யூரோ. கட்டியதும் டென்மார்க் நிறுவனமே. ஒரு வர்த்தகத் துறைமுகம், பக்கத்தில் ஒரு மீன்பிடித் துறைமுகம். 2013 செப்டெம்பர் 1ஆம் திகதி அப்போதைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ திறந்து வைத்தார். அஷ்ரப் இறந்து பதின்மூன்று வருடங்கள். விழாவுக்குப் பின் வர்த்தகக் கப்பல்கள் வரிசையில் வரும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். வந்தது மண்.

இது ஏன் நடந்தது என்பதைக் கரைவலைக்காரர் எவரும் விளக்குவார். கிழக்குக் கரையில் மணல் நிற்பதில்லை, நடக்கிறது. ஒரு பருவத்தில் ஒரு பக்கம், மறு பருவத்தில் மறு பக்கம் என்று அலைகள் அதைக் கரையோரமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆண்டுக் கணக்கைத் தீர்த்துப் பார்த்தால் தெற்கில் இருந்து வடக்கே போவது அதிகம். அந்த வழியில் கடலுக்குள் கற்சுவரை நீட்டினால், மணல் தெற்குப் பக்கத்தில் தேங்கி, பின்னர் சுவரின் நுனியைச் சுற்றி வந்து துறைமுகத்தின் வாயை அடைக்கும். வடக்குப் பக்கத்துக்குப் போகவேண்டிய மணல் போகாததால், அங்கே கடல் கரையைத் தின்னும். இரண்டும் நடந்தன. ஒலுவிலிலும் நிந்தவூர்ப் பக்கத்திலும் தென்னைகள் வேரோடு கடலில் விழுந்தன. கரைவலை வாடிகள் போயின. கரைவலை இழுக்க மணற்பரப்பே இல்லாமற் போனது. துறைமுகத்துக்காகக் காணி கொடுத்தவர்கள் நட்டஈட்டுக்காக வருடக்கணக்கில் அலுவலகம் அலுவலகமாக நடந்தார்கள்.

இதிலும் கொடுமை, ஊர் இரண்டாகப் பிரிந்தது. வாயில் மண் மூடியதால் ஆழ்கடல் படகுகளை வெளியே கொண்டுபோக முடியாத மீனவர்கள், மண்ணை அகழ வேண்டும் என்று போராடினார்கள். கரையைப் பறிகொடுத்த ஒலுவில் மக்கள், மண்ணை அகழ்ந்து எமது கரையில் கொட்டுங்கள், இல்லாவிட்டால் துறைமுகத்தையே மூடுங்கள் என்றார்கள். இருவரும் ஒரே பள்ளிவாசலில் தொழுகிறவர்கள். மண் அகழும் இயந்திரம் வந்தது; அகழ்ந்தது; மண் திரும்ப வந்தது. என் மதிப்பீட்டில் அஷ்ரப் கண்ட தேவை உண்மையானது. கட்டியவர்கள் போட்ட கணக்குத்தான் பிழைத்தது. கொழும்புக்கான கடல் மைல்களை அளந்தவர்கள், ஒலுவிலில் ஓர் ஆண்டில் எவ்வளவு மணல் கடந்து போகிறது என்பதற்கு அந்த அளவு கவனம் கொடுக்கவில்லை. யுத்தத்துக்குப் பின் ஏ-4 வீதியும் பாலங்களும் புதுப்பிக்கப்பட்டதால், நெல்லை ஏற்ற லொறியே இலாபம் என்று வியாபாரிகள் முடிவு செய்துவிட்டதும் இன்னொரு காரணம். அரைகுறைத் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருக்க எந்த வியாபாரியும் தயாரில்லை.

அதே 2013இல் மார்ச் மாதம் மத்தளையில் புதிய சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. ஒலுவிலில் இருந்து அது நேர்கோட்டில் 140 கிலோமீற்றருக்குள்தான். கிழக்கின் பயணிகளுக்கு அது உதவும் என்று பேசினார்கள். நடு இரவில் மொனராகலைக் காடுகளினூடாக அங்கே போவதற்கு நேரான பஸ்ஸும் இல்லை. போனால் வளைகுடாவுக்குப் போதிய விமானமும் இல்லை. கடைசியாக ஒழுங்காக வந்துகொண்டிருந்த டுபாய்ச் சேவையும் 2018இல் நின்றது. மட்டக்களப்பு விமான நிலையம் அதே 2018 மார்ச்சில் சிவில் சேவைக்குத் திரும்பத் திறக்கப்பட்டது. சர்வதேச விமான நிலையம் என்ற பெயரும் கிடைத்தது. சிறு விமானங்களில் உல்லாசப் பயணிகள் வந்துபோனார்கள். கல்முனைத் தொழிலாளிக்கு அந்தக் கட்டணம் எட்டாது.

ஒரு கணக்கோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒலுவிலில் இருந்து மட்டக்களப்பு விமான நிலையம் அறுபது கிலோமீற்றர். வாகனத்தில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து திருச்சிராப்பள்ளி நேர்கோட்டில் 470 கிலோமீற்றர் அளவு, சென்னை 610. எழுபது பேர் ஏறும் சாதாரண சுழலி விமானத்துக்கு அது ஒன்றரை மணி நேர வேலை. திருச்சியில் இருந்தும் சென்னையில் இருந்தும் வளைகுடாவுக்கு விமானங்கள் இருக்கின்றன. கட்டுநாயக்காவுக்கே ஒரு நாளைக்கு ஒரு விமானம் மட்டக்களப்பில் இருந்து மக்கள் கட்டணத்தில் பறந்தால், இருபது மணி நேரப் பயணம் பத்து மணி நேரமாகிவிடும். இதைச் சொல்லும்போதெல்லாம் ஓடுபாதையின் நீளம் போதாது, ஆசனங்களை நிரப்ப ஆள் வராது என்கிறார்கள். ஓடுபாதையின் நீளத்தைப் பற்றிப் பொறியியலாளர்கள் பேசட்டும். ஆள் உண்டா என்பதை, கொழும்பு பஸ்கள் புறப்படும் நேரத்தில் கல்முனை பஸ் நிலையத்துக்குப் போனால், பயணப்பெட்டிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பவர்களை எண்ணித் தெரிந்துகொள்ளலாம்.